மூன்றாவது அணை

சென்னையிலிருந்து வந்த நண்பன், "ஞாயித்துக்கிழமை ஃப்ரீதான்டா, உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டான். பிறந்து வளர்ந்த ஊர். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. 'திருப்பூரில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று தேடினோம். ஐந்தாறு பட்டியல்கள் வந்தன, எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அவிநாசி லிங்கேசுவரர் கோயில், திருமுருகன்பூண்டி, ரயில் நிலையம் பக்கத்தில் குமரன் நினைவகம். அதற்கு மேல் பட்டியல் ஊரைவிட்டே ஓடிவிடுகிறது: திருமூர்த்தி அணை, அமராவதி அணை, முதலைப் பண்ணை. எல்லாமே 60 கி.மீ.க்கு மேல். 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது உடுமலைப் பக்கம் நம்மோடு சேர்ந்தது. அரசாணையின் புண்ணியத்தில் கிடைத்த சுற்றுலாத் தலங்கள் இவை.

கோயில்கள் பற்றி எனக்குப் புகார் இல்லை. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டது அவிநாசியில். அதே சுந்தரரிடம் சிவனின் பூதகணங்கள் வேடர்களாக வந்து பொன்னைப் பறித்தது பூண்டியில். வழிப்பறியைக்கூட தலபுராணமாக ஞாபகம் வைத்திருக்கிற வட்டாரம் இது.

குமரனை எழுதும் விதம்தான் உறுத்துகிறது. எல்லாவற்றிலும் ஒரே வரி: 1932 ஜனவரியில் போலீஸ் அடித்தும் கொடியை விடாமல் உயிர்விட்டவர். உண்மைதான். ஆனால் அவர் சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்து, திருப்பூரில் பஞ்சு மில் வேலை பார்த்தவர் என்பது எங்கும் இல்லை. கொடி ஏறியதும் வேலை மறைந்துவிட்டது. தன்பாத் எக்ஸ்பிரஸில் இறங்கிப் பையோடு நிற்கும் பையன்களும் அந்த ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் வேலை தேடிப் போகிறார்கள். அவர்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல ஒரு வரி போதும். பட்டியல்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டு அணைகளைச் சேர்த்தவர்கள் மூன்றாவதை விட்டுவிட்டார்கள். நொய்யலில் திருப்பூருக்குக் கீழே, அதே சென்னிமலைப் பக்கம், பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை. அதை நிரப்பியது எங்கள் ஊர் சாயப்பட்டறைகளின் கழிவு. தண்ணீர் வேண்டும் என்று காத்திருந்த விவசாயிகளே அணையில் தேக்காதீர்கள் என்று சொல்லும்படி ஆனது. நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றார்கள்.

அந்த வருஷம் அம்மா கைமடித்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் அரை ஷிப்ட் ஆனது. என் காலேஜ் ஃபீஸ் அதுவரை அந்த ஒன்றரை ஷிப்டில்தான் வந்துகொண்டிருந்தது. சாயம் ஆற்றில் போனதும் என் படிப்பும் ஒரே கணக்கில்தான் வரும். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் லோவல் என்ற ஊரின் பழைய பஞ்சாலைகளை 1978இல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆக்கினார்கள். உள்ளே தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். சத்தம் தாங்க முடியாது என்று காதுக்கு அடைப்பான் தருகிறார்களாம். ஆனால் அங்கே மில்கள் மூடிய பிறகுதான் மியூசியம் வந்தது. இங்கே மெஷின் இன்னும் ஓடுகிறது. ஓடுகிற ஊர் தன் குற்றத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காது. அது எனக்குப் புரிகிறது. அதற்காக முதலைப் பண்ணையைக் காட்டி அனுப்புவதா?

நண்பனை ஒரத்துப்பாளையத்துக்கே கூட்டிப் போனேன். கரையில் அரை மணி நேரம் நின்றோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏனுங் தம்பி, தண்ணி டெஸ்ட்டு எடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்க, சும்மா பாக்க வந்தோம்."

"இதையா?" என்றார்.