ஹவில்தாருக்கு என்ன வேலை?

சென்னையின் பாடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை வழியாக ஆவடி வரை ஒட்டப்படும் ‘ஆட்கள் தேவை’ விளம்பரங்களில் ‘முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை’ என்ற வரி பெரும்பாலும் ஒரே வேலைக்குக் கீழேதான் இருக்கும்: செக்யூரிட்டி. சி.என்.சி. ஆபரேட்டர், மெயின்டனன்ஸ் ஃபிட்டர் என்று வந்தால் அந்த வரி போய், ‘வயது 18 முதல் 25 வரை’ என்பது வந்து உட்கார்ந்துகொள்ளும். படைவீரர்களை மதித்து எடுக்கிறோம் என்று சொல்லும் முதலாளிகளை எடைபோட இந்த இரண்டு வரிகளே போதும் என்று தோன்றுகிறது. ஆனாலும் அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும்.

முதலில் இந்த வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்க்காரர்கள் ‘டேங்க் ஃபேக்டரி’ என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் ஆவடியில் அமைந்தது. விஜயந்தாவில் தொடங்கி டி-72, டி-90, அர்ஜுன் வரை டாங்கிகள் இங்கிருந்து படைக்குப் போயின. டி-72இன் 780 குதிரைத்திறன் டீசல் எஞ்சினும் ஆவடியில்தான் உருவாகிறது. அந்த எஞ்சினை ராஜஸ்தான் மணலில் இறக்கி ஏற்றுவது ராணுவத்தின் இயந்திரங்களைப் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவு மெக்கானிக்கின் வேலை. ஏர் ஃபில்டரில் புழுதி அடைத்திருக்கும், ஹைட்ராலிக் குழாய் ஒழுகும், கேட்ட உதிரிபாகம் வந்திருக்காது. விடிவதற்குள் வண்டி நகர்ந்தாக வேண்டும். இப்படிப் பல ஆண்டு பழகிய ஹவில்தார், நாற்பதை நெருங்கும்போது பென்ஷனோடு வந்து திருமுல்லைவாயிலில் குடியேறுகிறார். அடுத்த தெருக் கம்பெனி அவர் கையில் கொடுப்பது ஒரு விசிலும் விசிட்டர் நோட்டும்.

நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்து இப்படி வெளியே வருகிறார்கள். மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளில் அவர்களுக்கு 10 சதவீத இடம் உண்டு. அதுவும் முழுதாக நிரம்புவதில்லை. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்காக 1986இல் தொடங்கிய அரசு நிறுவனமான டெக்ஸ்கோ ஆயிரக்கணக்கானோருக்கு வேலை, பெரும்பாலும் காவல் வேலை, கொடுத்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முன்னாள் ராணுவத்தினர் என்றால் காவல் வேலை என்ற அச்சு உறுதிப்பட்டதில் அதற்கும் பங்குண்டு.

சரி, முதலாளிகளின் வாதம். ராணுவத்தில் செய்வது பழுதுபார்ப்பு. நம்முடையது தொடர் உற்பத்தி, இங்கே மைக்ரான் கணக்கு, புள்ளியியல் தரக்கட்டுப்பாடு, ஒவ்வொன்றுக்கும் பதிவு. அது அவர்களுக்குப் பழக்கமில்லை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு பாடியில் எடுபடாது. தர மேலாண்மைக்கான டெமிங் விருதை இந்தியாவில் முதன்முதலாக வாங்கிய சுந்தரம் கிளேட்டன் இந்த ஊர்க் கம்பெனி, ஆண்டு 1998. லூகாஸ் டிவிஎஸ் 2004இல் வாங்கியது. ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்து உலகத்தரத்தை எட்டிய ஊர் இது. பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க முடிந்ததை, லாக் புக் எழுதியே பழகியவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது என்பதை எப்படி ஏற்பது?

அடுத்த வாதம், மிலிட்டரிக்காரர் அதிகாரம் செய்வார், வளைந்து கொடுக்க மாட்டார் என்பது. சிலர் அப்படித்தான். யூனிட்டில் சுபேதார் சொன்னால் நடக்கும். இங்கே ஒப்பந்தத் தொழிலாளி மறுநாள் வரமாட்டான். ஆனால் இது சில வாரப் பழக்கத்தில் சரியாகிற விஷயம்.

வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம் சம்பளம். இந்தப் பட்டறைகள் பலவும் ஓடுவது பயிற்சியாளர்களையும் ஒப்பந்த ஆட்களையும் நம்பி. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நாற்பது வயதுக்காரர் அந்தக் கணக்கில் பொருந்த மாட்டார். ‘உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சார்’ என்று ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே சொல்வது இங்கேதான். பென்ஷன் அவர் ஏற்கெனவே உழைத்ததற்கு அரசு கொடுப்பது. அதைக் காட்டிப் புதிய வேலையின் கூலியைக் குறைப்பது அடுத்தவர் பணத்தில் லாபம் பார்ப்பது. மற்ற வாதங்களில் பாதி நியாயமாவது உண்டு, இதில் துளியும் இல்லை.

2022 ஜூனில், நான்கு ஆண்டுக்கு மட்டும் வீரர்களைப் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தபோது, அப்படிச் சேரும் அக்னிவீரர்களை வேலைக்கு எடுக்கும் வாய்ப்பை மஹிந்திரா குழுமம் வரவேற்பதாக ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் எழுதினார். முன்னாள் கடற்படைத் தளபதி அருண் பிரகாஷ் ஒன்றுதான் கேட்டார்: புதுத் திட்டத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும், ஏற்கெனவே ஓய்வு பெற்று வந்த ஆயிரக்கணக்கானோரை அணுகியிருக்கிறீர்களா? பாராட்டுக்கும் ஆளெடுப்புக்கும் உள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

அமெரிக்காவில் ஸ்கில்பிரிட்ஜ் என்றொரு ஏற்பாடு. பணியின் கடைசி 180 நாட்கள் வரை படைவீரர் ஒரு கம்பெனியில் போய் வேலை பழகலாம், சம்பளம் ராணுவத்தினுடையது. இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகமான டி.ஜி.ஆரும் ஓய்வுக்கு முன் பயிற்சி தருகிறது, அதிகாரிகள் ஐ.ஐ.எம்.களில் 24 வாரம் படிக்கிறார்கள். ஆனால் மெக்கானிக் ஹவில்தாருக்குத் தேவை வகுப்பறையைவிட ஷாப் ஃப்ளோர்தான். அவரை அழைத்துப் பழக்க அம்பத்தூரைவிடப் பொருத்தமான இடம் எது?

ஆகவே என் தீர்ப்பு இது: இப்போது நடப்பது, திறமையை வாசலில் விட்டுவிட்டு ஒழுக்கத்தை மட்டும் வாடகைக்கு எடுப்பது. மாற்றம் தொடங்க வேண்டிய இடம் விண்ணப்பப் படிவம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், எந்த வண்டி, எந்த டிரேடு, எத்தனை ஆண்டு என்று கேட்க ஒரு கட்டம் வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு முன்னாள் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) நேர்முகத்தில் உட்கார வேண்டும். காலியிடப் பட்டியலைச் சென்னை, திருவள்ளூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களுக்கு அனுப்பலாம், செலவே இல்லை. இவையெல்லாம் செய்தும், படையில் செய்த சர்வீஸைச் சம்பள நிலையில் சேர்க்காவிட்டால் ஆள் வரமாட்டார், வந்தாலும் நிற்கமாட்டார்.

முதல் அக்னிவீரர் அணியின் நான்கு ஆண்டு 2026 கடைசியில் முடியத் தொடங்குகிறது. படையில் தொடர்வோர் 25 சதவீதத்துக்கு மேல் இல்லை. மற்றவர்கள் சுமார் ரூ.11.71 லட்சத்தோடு, பென்ஷன் இல்லாமல், இருபதுகளில் ஊர் திரும்புவார்கள். வயது சரியில்லை என்று பெரும்பாலோரைத் தள்ள முடியாது, பென்ஷனைக் காட்டிக் கூலியைக் குறைக்கவும் முடியாது. அந்த நான்கு ஆண்டை அனுபவமாகக் கணக்கில் வைப்பார்களா, அல்லது நேற்று ஐ.டி.ஐ. முடித்தவனோடு சேர்த்து அதே டிரெய்னி ஸ்டைபண்டில் உட்கார வைப்பார்களா என்பதை முதல் மாதச் சம்பளச் சீட்டே காட்டிவிடும்.