எட்டுக்குக் கீழே இறங்கினால் குணம்

பதற்றத்தாலும் மனச்சோர்வாலும் தவிப்பவர்களுக்கு மாத்திரைச் சீட்டோடு நிறுத்தாமல் பேச்சுவழிச் சிகிச்சையும் இலவசமாகத் தருவதென்று 2008இல் இங்கிலாந்து தொடங்கிய திட்டத்துக்குப் பின்னால் இருவர் இருந்தார்கள். ஒருவர் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயார்ட். மற்றவர் உளவியலர் டேவிட் கிளார்க். குணமானவர் வேலைக்குத் திரும்புவார், உதவித்தொகை மிச்சமாகும், போட்ட பணம் தானே ஈடாகும் என்று லேயார்ட் வாதாடினார். கஜானாவைத் திறக்க வேறு எந்த வாதம் உதவியிருக்கும்?

சரக்கும் நல்ல சரக்குதான். திடீர்ப் பீதி எப்படி வளர்கிறது என்று கிளார்க் 1986இலேயே விளக்கியிருந்தார். நெஞ்சு படபடக்கிறது, மாரடைப்போ என்று மனம் அஞ்சுகிறது, அஞ்ச அஞ்சப் படபடப்பு ஏறுகிறது. சிந்தனை-நடத்தைச் சிகிச்சையில், வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட வைத்து அதே தலைச்சுற்றலை வரவழைப்பார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அங்கேயே அனுபவித்து அறிகிறார் நோயாளி. ஆயிரம் ஆறுதல் சொன்னாலும் வராத தெளிவு அது.

ஒவ்வொரு அமர்விலும் அளந்து பார்ப்பதும் இத்திட்டத்தின் பெரும் பலம். பதற்றத்தை அளக்க 2006இல் வெளியான ஜிஏடி-7 என்ற வினாத்தாளில் ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 'நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு' என்று சிகிச்சையாளர் தம்மையே ஏமாற்றிக்கொள்ள இடம் குறைவு.

சிக்கலும் அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது. ஜிஏடி-7இல் 8 எடுத்தால் நோயெல்லைக்குள். அதற்குக் கீழே இறங்கி, மனச்சோர்வுக்கென்று உள்ள தனித் தாளிலும் எல்லைக்குக் கீழே இருந்தால் 'குணம்'. 8இலிருந்து 7க்கு வந்தவர் குணமானவர். 21இலிருந்து 9க்கு வந்தவர் ஆகாதவர்! இந்த அபத்தம் தெரிந்துதான் 'நம்பத்தக்க முன்னேற்றம்' என்று தனிக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் 50 விழுக்காடு என்ற புகழ்பெற்ற இலக்கு குணமானோருக்கே வைக்கப்பட்டது.

ஏழு கேள்விகளில் கவலை, எரிச்சல், இருப்புக்கொள்ளாமை எல்லாம் உண்டு. மூச்சும் வயிறும் நெஞ்சும் இல்லை. 'நெஞ்சை அடைக்குது, வயித்தைப் பிசையுது' என்று வரும் நம்மூர்க்காரர் இந்தத் தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அடுத்து இதய மருத்துவரிடம் போய் நிற்கக்கூடும். பீதிக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. ஆனால் அது பீதிதான் என்று யாராவது முதலில் சந்தேகிக்க வேண்டுமே.

அறிகுறியைக் குறிவைக்கும் சிகிச்சைக்கு இந்தத் தாள் வாகாக அமைகிறது. சிறுவயது இழப்பையும் உறவுச் சிக்கலையும் கிளறிப் பார்க்கும் உள இயக்கவியல் சிகிச்சையில் நடுவே மதிப்பெண் ஏறலாம். அதைத் தோல்வி என்று எழுதுவது அவசரம். அதற்காக அளவே வேண்டாம் என்று அந்தப் பள்ளியார் சிலர் சொல்வதையும் ஏற்க முடியாது. பல ஆண்டு சோபாவில் கிடத்தியும் பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவது?

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இரண்டு அமர்வாவது வந்து முடித்தவர்களே குணக்கணக்கில் சேர்கிறார்கள். முதல் அமர்வோடு நின்றவர்கள் அதில் இல்லை. ஏன் நின்றார்கள் என்று அவர்களிடம் கேட்டால் கிடைக்கும் பதில் எந்த வினாத்தாளிலும் கிடைக்காது.