எண்ணால் அழைக்கப்பட்ட மாணவி: ஸ்ரீபெரும்புதூர் தொழில்வட்டாரமும் ஆங்கில இலக்கியக் கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில இலக்கியம் ஒரு பாடத்துறையாக உருவான வரலாற்றில் இரு தோற்றுவாய்கள் சுட்டப்படுகின்றன. ஒன்று காலனியாட்சிக்கு உட்பட்ட இந்தியா. மற்றொன்று இங்கிலாந்தின் தொழிலாளர் கல்விக்கூடங்கள். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரத்து மாணவரிடம் இவ்விரண்டும் ஒன்றுகூடுகின்றன. சார்லஸ் டிக்கன்சின் ‘ஹார்ட் டைம்ஸ்’ (1854) நாவலைச் சான்றாகக் கொண்டு, இப்படிப்பு அம்மாணவருக்கு எதைத் தரவல்லது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆங்கில இலக்கியக் கல்வி, தொழில் நாவல், காலனியம், ஸ்ரீபெரும்புதூர், டிக்கன்ஸ்

முன்னுரை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா ஆலை 2006இல் வந்து 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024இல் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய வட்டாரத்தில் ஆங்கில இலக்கியம் பயில்வதன் பயன் யாது என்னும் வினாவுக்கு, ‘ஆங்கிலம் பேச வரும், வேலை கிடைக்கும்’ என்பதே பொதுவான விடையாக உள்ளது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர் இவ்வாறு எதிர்பார்ப்பது நியாயமானதே. ஆயினும் மொழித்திறன் மட்டுமே நோக்கமெனில் அதற்கு இலக்கியம் தேவையில்லை. தொடர்பியல் ஆங்கிலப் பயிற்சியே போதும். எனவே இலக்கியம் தனக்கெனத் தருவது யாது என்பது ஆராயத்தக்கதாகிறது.

இரு தோற்றுவாய்கள்

மெக்காலேயின் குறிப்பு 1835இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலும் தோன்றின. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனிப் பட்டத் தேர்வு 1917இல்தான் ஏற்பட்டது. இங்கிலாந்தில் வேரூன்றுவதற்கு முன்பே இத்துறை இந்தியக் கல்வித் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்பதைக் கௌரி விஸ்வநாதன் ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ (1989) நூலில் நிறுவியுள்ளார். சமயநடுநிலையை அறிவித்திருந்த அரசு, நேரடியாகக் கற்பிக்க இயலாத அறநெறிகளை இலக்கியத்தின் வழியே புகட்ட முனைந்தது என்பது அவர் வாதம்.

டெர்ரி ஈகிள்டன் ‘லிட்டரரி தியரி’ (1983) நூலில் மற்றொரு தோற்றுவாயைக் காட்டுகிறார். இங்கிலாந்தில் இப்பாடம் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் தொடங்கவில்லை. கைவினைஞர் கழகங்களிலும் தொழிலாளர் கல்லூரிகளிலுமே முதலில் நிலைபெற்றது. உழைக்கும் வகுப்பினரைப் பண்படுத்தி அமைதிப்படுத்துவது அதன் உள்நோக்கங்களுள் ஒன்று என்கிறார் அவர்.

இவ்விரு வாதங்களையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. காலனிய மக்களையும் தொழிலாளரையும் வழிப்படுத்த வகுக்கப்பட்ட பாடத்தை இன்று ஸ்ரீபெரும்புதூரில் பயில்வோர், காலனிய மக்களின் வழித்தோன்றல்கள். அவர்களுள் பலர் தொழிலாளரின் பிள்ளைகள். யாருக்காகப் பாடம் வகுக்கப்பட்டதோ, அவரே இப்போது அதன் வாசகராகவும் திறனாய்வாளராகவும் ஆகும் வாய்ப்பு பெற்றுள்ளார்.

வரையறையும் அனுபவமும்

‘ஹார்ட் டைம்ஸ்’ ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. சிஸ்ஸி ஜூப் என்னும் மாணவி பெயரால் அன்றி எண்ணால் அழைக்கப்படுகிறாள். குதிரைகளோடு தொழில் செய்பவரின் மகளாகிய அவளால் குதிரையை வரையறுக்க இயலவில்லை. பிட்சர் என்னும் மாணவன் பற்களின் எண்ணிக்கை முதலாக மனப்பாடமாக ஒப்பித்துப் பாராட்டைப் பெறுகிறான். குதிரையை அறிந்தவள் தோற்கிறாள். வரையறையை அறிந்தவன் வெல்கிறான்.

இந்நாவலை வினா – விடைக் கையேட்டின் வழியே பயின்று, ‘பயன்பாட்டுவாதத்தின் தீமைகள்’ என ஐந்து குறிப்புகள் எழுதும் மாணவர் தம்மை அறியாமலே பிட்சரின் இடத்தில் அமர்கிறார். வீட்டில் ஒருவரேனும் பணிமுறை மாற்றி உழைப்பதையும், அடையாள அட்டையின் எண்ணால் அறியப்படுவதையும் கண்டு வளர்ந்தவருக்கு அந்நாவல் குறித்துச் சொல்ல வேறு செய்தி உண்டு. அதைக் கேட்கும் வினா தேர்வுத்தாளில் இல்லையெனில், நாவல் கண்டித்த கல்விமுறையே அந்நாவலின் பெயரால் தொடர்கிறது எனலாம்.

நாவலை வினவுதல்

அனுபவம் மட்டுமே திறனாய்வு ஆகிவிடாது. அது பனுவலோடு பொருத்தி ஆராயப்பட வேண்டும். டிக்கன்ஸ் 1854 சனவரியில் பிரஸ்டன் நகரத்து நெசவாலைப் போராட்டத்தை நேரில் கண்டார். அடுத்த மாதம் தம் இதழில் எழுதிய கட்டுரையில் தொழிலாளரின் ஒழுங்கை மதிப்புடன் குறித்தார். ஆனால் அதே ஆண்டின் நாவலில் சங்கத் தலைவர் ஸ்லாக்பிரிட்ஜ் வெற்றுப் பேச்சாளராகக் காட்டப்படுகிறார்; சங்கத்தில் சேர மறுக்கும் ஸ்டீபன் பிளாக்பூல் நல்லவராக நிற்கிறார். கட்டுரையில் கண்டதை நாவல் ஏன் மறைத்தது?

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கி ஒரு மாதத்திற்கும் மேலாக நீடித்த வேலைநிறுத்தத்தில் சங்க அங்கீகாரமே முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. அதை அருகிருந்து கண்ட மாணவர் இவ்வினாவை எளிதில் எழுப்பக்கூடும். வினவப்படுவதால் டிக்கன்சின் பெருமை குறைவதில்லை. வாசிப்பே கூர்மை பெறுகிறது.

இவ்வாசிப்புக்குத் துணைநிற்கும் நூல்கள் அயலில் மட்டும் இல்லை. கைத்தறி நெசவாளர் வாழ்வைக் கூறும் தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953), காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டு மாணவருக்கு நெருக்கமானது. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரைப் பற்றி மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ (1969), இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆகியது. தமிழ் உழைப்பாளரின் துயரை முதலில் ஆங்கிலத்தில் சொன்ன இந்நூல், ஆங்கிலம் ஆள்வோரின் மொழியாக மட்டும் நிற்கவில்லை என்பதற்குச் சான்றாகும். இவற்றை ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலுடன் ஒப்பிட்டுப் பயிலும்போது தொழில் நாவல் என்பது விக்டோரிய இங்கிலாந்தின் பழங்கதையாக நின்றுவிடாது.

முடிவுரை

ஆங்கில இலக்கியப் படிப்பைத் திறன்பயிற்சியாகச் சுருக்குவது, தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டளையைப் புரிந்துகொள்ளும் மொழி போதும் எனத் தீர்ப்பளிப்பதாகும். அதை மனப்பாடப் பாடமாகவே வைத்திருப்பதும் அதே தீர்ப்பின் மறுவடிவமே. மொழித்திறனும் இலக்கிய வாசிப்பும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஒரு நாவலை எதிர்த்து வாதிடக் கற்றவர் அம்மொழியையும் கற்றவராகிறார். பாடத்திட்டத்தில் வட்டார வாழ்வோடு ஒப்பிடும் வினாக்களுக்கு இடமளித்தால், எண்ணால் அழைக்கப்பட்ட மாணவி தான் அறிந்ததைத் தன் சொற்களில் கூறும் வகுப்பறை உருவாகும். இப்பட்டப்படிப்பு ஸ்ரீபெரும்புதூரில் நிலைத்திருப்பதற்கு அதுவே தக்க நியாயமாகும்.