ஜீ. எம். ஹென்றியின் பறவை ஓவியங்களும் தமிழ்ப் பெயர்களும்: ஒரு மதிப்பீடு

இலங்கைப் பறவைகளைப் பற்றிய அறிவு பரவுவதற்கு ஓவியத்தாலும் எழுத்தாலும் வழிவகுத்தவர் ஜீ. எம். ஹென்றி (1891–1983). இந்நாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்த அவர், 1910இல் கொழும்பு நூதனசாலையில் வரைவாளராகச் சேர்ந்து, பின்னர் பூச்சியியற் பிரிவிலும் பணியாற்றி, 1946இல் ஓய்வுபெற்றார். 1927க்கும் 1935க்கும் இடையில் நான்கு பகுதிகளாக வெளிவந்த வண்ணப்படத் தொகுதிக்கு உரை எழுதியவர் வேறொருவர். 1955இல் வெளிவந்த பறவை வழிகாட்டியிலோ படமும் உரையும் அவருடையவை.

நூதனசாலை ஓவியனின் முன் இருப்பது பெரும்பாலும் பாடஞ்செய்யப்பட்ட உடல். ஹென்றியின் படங்களிற் பறவை நிற்கும் நிலையும் இரைதேடும் பாங்கும் தெரிவதற்குக் காரணம், அவர் அவற்றை உயிருடன் கண்டறிந்தமையே. இத்தகைய அடையாளங்காணல் பாதுகாப்பின் முதற்படியாகும். 1894இல் வேட்டை விலங்குகளின் பாதுகாப்பை நோக்கித் தொடங்கிய சங்கத்தின் முயற்சி, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தை நோக்கி விரிவடைந்த காலமே ஹென்றியின் தூரிகை தொழிற்பட்ட காலமுமாகும்.

எனினும், இவ்வறிவின் சமூக அடித்தளத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டனுக்காக இந்நாட்டு உயிரினங்களை வரைந்தவர் டி பெவேரே. இன்று ஒரு தேன்சிட்டு லோட்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரைந்தவரை அறிந்தோர் சிலரே. உழைப்பு ஒருவருடையதாகவும் பெயர் மற்றொருவருடையதாகவும் அமைதல் குடியேற்ற ஆட்சியின் இயல்பு.

ஹென்றி தமது வழிகாட்டியிற் சிங்களப் பெயர்களுடன் தமிழ்ப் பெயர்களையும் பதிவுசெய்தார். அது பாராட்டத்தக்க நேர்மை. ஆயின், அப்பெயர்களைப் படைத்தவர்கள் வாவியையும் வயலையும் நம்பி வாழ்ந்த உழைக்கும் மக்களல்லவா? கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட குருக்கள்மடத்தை எடுத்துக்கொள்வோம். வலைவீசும் மீனவனுக்கு நீர்க்காகம் கூட்டமாக மூழ்குமிடம் மீனின் இருப்பைக் காட்டும் குறி. உழும் கமக்காரனுக்குக் கொக்கு ஏரின் பின்னால் வரும் துணை. இவ்வனுபவ அறிவிலிருந்து பெயர் மட்டுமே நூலுக்குட் சென்றது. அதைத் தந்தவர் படிக்கும் மொழியில் நூல் அமையவில்லை.

இதனைக்கொண்டு ஹென்றியைக் குடியேற்றவாதத்தின் கருவியென ஒதுக்குவது வரட்டுவாதமாகும். நூலின் எல்லை அதன் காலத்தின் எல்லை; அதனைத் தாண்டும் பொறுப்பு எம்முடையது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), 1950 முதல் ஆங்கில நாளேட்டில் தமது கோட்டோவியங்களுடன் இயற்கைக் குறிப்புகளை எழுதியதோடு, தமிழிலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதினார். துல்லியமான இயற்கை உரைநடைக்குத் தமிழ் இடந்தரும் என்பதற்கு அவரே சான்று.

ஆகவே, ஹென்றியின் மரபைப் பேணுதல் என்பது அவர் படங்களை வியந்து நிற்பதன்று. அவர் பதித்த பெயர்களை மீண்டும் வாவிக்கரைக்குக் கொண்டுசென்று, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அவை இன்றும் வழங்குகின்றனவா என வினவி, பெயருடன் சேர்ந்த அறிவையும், சொன்னவரின் இசைவுடன் அவர் பெயரையும் தமிழிற் பதிவுசெய்தலே எமது பணி. மக்களின் அறிவைப் புறந்தள்ளும் பாதுகாப்பு, அம்மக்களைக் காவலராக்காது, குற்றவாளிகளாகவே காணும்.