ஏணி வைத்து இறங்கும் கடல்

துருக்கியின் தென்மேற்கில், அந்தால்யா மாகாணத்தில், காஷ் என்று ஒரு சின்ன ஊர். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யாராவது ஆரம்பித்தால், கேள்வி முடிவதற்குள் இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும்! மத்தியதரைக் கடலோரத்தில் அழகான ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நம்மைக் கரையில் உட்கார விடாமல் கடலுக்குள் இழுத்துப் போடுகிற ஊர் என்றால் எனக்கு இது ஒன்றுதான்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குள் மணல் கடற்கரை கிடையாது. சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது. பாறைமேல் பலகை அடித்துத் தளம் போட்டு, ஓரத்தில் இரும்பு ஏணி மாட்டியிருக்கிறார்கள். ஏணியை விட்டால் ஆழம்தான். செருப்பைக் கையில் பிடித்து, கணுக்காலை நனைத்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பும் நம் மெரினா வழக்கம் இங்கே செல்லாது. இறங்கினால் முழுசாக இறங்க வேண்டும். இறங்கிய பிறகு ஏறத்தான் மனசு வராது!

அப்படி ஒரு தெளிவு. இந்தப் பக்கத்துக் கடலில் ஆற்று வண்டல் குறைவு, மிதக்கும் நுண்ணுயிர்களும் குறைவு. பத்து மீட்டர் கீழே கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரிகிறது. உப்பு தூக்கலாக இருப்பதால் மல்லாந்து படுத்தால் கடலே தாங்கிக்கொள்கிறது. ஏணி பயமாக இருக்கிறதா? பூயூக் சாக்கில் என்ற கூழாங்கல் கரைக்கு நடந்தே போகலாம். அங்கே அடியிலிருந்து நன்னீர் ஊற்று கசிகிறது. மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க, காலடியில் திடீரென்று சில்லென்று ஒரு கோடு ஓடும். பெரியவர்கள்கூடக் கூச்சல் போடுகிறார்கள்.

காஷுக்குப் போய் முங்கு நீச்சல் பழகாமல் திரும்பினால் நான் உங்களோடு பேசமாட்டேன். முதல்முறை வருபவர்களைப் பயிற்சியாளர் கையைப் பிடித்தே அழைத்துப் போகிறார். காற்று உருளையின் புஸ் புஸ் சத்தம் மட்டும் காதில் கேட்க, கடலாமை ஒன்று அவசரமே இல்லாமல் என்னைக் கடந்து போனது. அதற்கு நான் ஒரு பொருட்டே இல்லை. மேலே வந்து வாய்க் குழாயைக் கழற்றியதும் படகில் இருந்தவர்களிடம் எந்த மொழியில் என்ன உளறினேன் என்று எனக்கே தெரியாது.

இந்தக் கடலடிக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1982-ல், ஊருக்குத் தென்கிழக்கே உலுபுருன் முனையருகே கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், காது முளைத்த பிஸ்கட் மாதிரி உலோகத் துண்டுகள் கிடப்பதாகச் சொன்னார். அவை செம்புக் கட்டிகள்! ஏறக்குறைய 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய வணிகக் கப்பல் அது. 1984 முதல் 1994 வரை மூழ்கி மூழ்கி எடுத்தார்கள். சுமார் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் வார்க்கச் சரியான விகிதம். கண்ணாடிக் கட்டிகளோடு, எகிப்து அரசி நெஃபெர்டிட்டியின் பெயர் பொறித்த பொன் வண்டு முத்திரையும் கிடைத்தது. அசல் சரக்கு இப்போது போத்ரும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஷில் அந்தக் கப்பலைப் போலவே ஒன்றைச் செய்து, முங்குபவர்கள் பார்ப்பதற்கென்றே மூழ்கடித்திருக்கிறார்கள். என்ன ரசனை பாருங்கள்!

கரையிலும் பழமைக்குக் குறைவில்லை. லிசியர்கள் என்ற பண்டைய மக்களின் ஊர் இது. அவர்களுடைய கல் பேழைக் கல்லறை ஒன்று கடைத்தெரு உச்சியில் நிற்கிறது. மூடியில் சிங்கத் தலைகள். வேலி போட்டுக் காவல் வைக்காமல், அதன் நிழலில் பூனைகள் தூங்க, இரு பக்கமும் கம்பளமும் நகையும் விற்கிறார்கள். சாயங்காலம் பழைய அரங்கத்தின் கல் படிகளுக்குப் போய்விடுங்கள். எதிரே மேடைச் சுவர் கிடையாது. கடலும், அதில் இறங்கும் சூரியனும்தான் நாடகம். அனுமதிச் சீட்டும் இல்லை.

ஒரு நாளை மட்டும் கெகோவா தீவுக்கு ஒதுக்குங்கள். பெரிய படகில் போகாதீர்கள், பாட்டுச் சத்தம் தாங்காது. உச்சாயிஸ் கிராமத்துக்கு வண்டியில் போய், அங்கிருந்து கயாக்கில் துடுப்புப் போடுங்கள். தீவின் கரையோரம், நிலநடுக்கத்தில் தாழ்ந்துபோன பழைய ஊர் ஒன்று இருக்கிறது. பாறையில் செதுக்கிய படிக்கட்டுகள் தண்ணீருக்குள் இறங்கி மறைகின்றன, வாசல்கள் பாதி நனைந்து நிற்கின்றன. இடிபாடுகளின் மேல் நீந்தத் தடை உண்டு, அது நியாயம்தான். எதிர்க்கரையில் காலெகொய் கிராமம். அங்கே கார் போகாது. படகில்தான் வர வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். மூச்சு வாங்கக் கோட்டைக்கு ஏறினால் பாறையிலேயே குடைந்த ஏழு வரிசைக் குட்டி அரங்கம் ஒன்று இருக்கிறது. கீழே ஆழமில்லாத நீரில் ஒரு கல்லறை தன்னந்தனியாக நிற்கிறது. இறங்கி வந்ததும் வீட்டுத் திண்ணையில் விற்கும் ஐஸ்கிரீமைச் சாப்பிடுங்கள்.

மணலில் புரண்டே தீருவேன் என்பவர்களுக்கு மேற்கே பதாரா இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். ஆமைகள் முட்டையிடும் கரை என்பதால் பருவத்தில் இரவு அனுமதி இல்லை. பக்கத்திலேயே லிசிய நகரங்களின் கூட்டவைக் கட்டடம். பெரிய ஊருக்கு மூன்று வாக்கு, நடுத்தரத்துக்கு இரண்டு, சின்னதற்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்தார்களாம். வழியில் கபுதாஷ் கரையும் உண்டு. படம் எடுக்க எல்லோரும் வந்து நிற்பதால், காலையிலேயே போய்விடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். மீன் பிரியர்களைச் சொல்லவே வேண்டியதில்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் ராஜாவாக வாழலாம்: ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவிட்ட கத்தரிக்காய், அவரை, கூனைப்பூ, தயிரில் பூண்டு போட்ட பத்து விதக் கிண்ணங்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பெண்கள் மாவை மெல்லிசாகத் தேய்த்து, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, கல்லில் சுட்டுத் தருகிறார்கள். கூடவே அய்ரான், அதாவது நம்ம உப்பு மோர். வெயிலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். கூட்டமும் சூடும் மண்டையைப் பிளக்கும். செப்டம்பர் கடைசியில் போனால் கூட்டம் கலைந்திருக்கும், கடல் மட்டும் சூடாறாமல் காத்திருக்கும். விமான நிலையத்திலிருந்து வளைந்து வளைந்து வரும் சில மணி நேரப் பயணம் கொஞ்சம் அலுப்புதான். அந்த அலுப்புதான் பெரிய கூட்டத்தைத் தடுக்கிறது என்பது என் கட்சி.

கிளம்பும் முன் இன்னொன்று. துறைமுகத்துக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் தீவு கிரேக்க நாட்டுடையது. துருக்கிக்காரர்கள் மெய்ஸ் என்பார்கள், கிரேக்கர்கள் கஸ்தெலோரிஸோ. ஆஸ்கர் வாங்கிய ‘மெடிடெரானியோ’ என்ற இத்தாலியப் படத்தை அங்கேதான் எடுத்தார்கள். படகில் ஏறினால் அரை மணிக்குள் அங்கே இருக்கலாம், மதியச் சாப்பாட்டை இன்னொரு நாட்டில் முடித்துவிட்டு மாலையில் திரும்பலாம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும், அதோடு துருக்கிக்குள் மறுபடி நுழையவும் விசா செல்ல வேண்டும். இரண்டையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.