வடிகட்டிக் கொடுக்கவும்

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து திண்டுக்கல் திரும்பியபோது என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. இரு பக்கமும் அச்சடித்த உணவு அட்டவணை. இலக்கியம் படித்த பழக்கதோஷம், அதையும் ஒரு பிரதியாகத்தான் வாசித்தேன். இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தாளோடு எனக்கு ஒரு வழக்கு தீரவில்லை.

அது சொல்லும் மருத்துவத்தில் எனக்குப் புகார் இல்லை. இந்தச் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் போல ஒரு குழாய்தான் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதும் வெட்டப்படும் பகுதியில்தான். தையல் ஆறும்வரை முதல் சில நாள் தெளிந்த நீர், பிறகு இரண்டு வாரம் போலக் கொஞ்சம் கெட்டியான சூப், அதன்பின் மசித்தது. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். நாளுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். காய்கறி வேகவைத்த தண்ணீரில் அது கிடைக்காது. பாசிப்பருப்பு, கோழி, முட்டையின் வெள்ளைக்கரு என்று தேடித்தேடிச் சேர்க்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் குடிக்க முடியாது, வாய் வாயாகத்தான். ஆக, சூப் என்பது நாள் முழுக்க நீளும் அடுப்பு வேலை.

என் வழக்கு அந்தத் தாளின் வினைச்சொற்களோடு. ‘வடிகட்டிக் கொடுக்கவும்.’ ‘அரைத்துக் கொடுக்கவும்.’ ‘அவசரப்படுத்தாமல் கொடுக்கவும்.’ இரண்டு பக்கங்களிலும் ‘குடிக்கவும்’ என்று ஓர் இடத்தில்கூட இல்லை. தாள் நோயாளியிடம் பேசவில்லை. அடுப்படியில் நிற்கும் யாரோ ஒருவரிடம் பேசுகிறது. என் கணவர் நோயாளி என்றால் அந்த யாரோ நான்தான். நோயாளி நானாக இருக்கும்போது? அந்த வாக்கியம் வீடெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி என்னிடமே வந்து நிற்கிறது. உலகெங்கும் இந்தச் சிகிச்சை செய்துகொள்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பது இந்தத் தாளை எழுதியவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் ஞாயிறு என்றால் சீரகச் சம்பா அரிசியும் கறியும்தான். ஒரு அடுப்பில் பிரியாணி, இன்னொன்றில் எனக்குப் பீர்க்கங்காயும் பாசிப்பருப்பும். கறி வேகும் வாடையில் குமட்டிக்கொண்டு வந்தது. “சூப்பு வைக்கத்தான எப்படியும் அடுப்படிக்கு வர்ற, அப்படியே எங்களுக்கும் வச்சுரு” என்றார் அத்தை. அவரைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். “கர்ப்பப்பைய எடுத்த பத்தாம் நாளே நான் அடுப்படிக்கு வந்துட்டேன்” என்பது அவர் வாழ்க்கை. அதற்குமேல் ஓய்வு என்று ஒன்று உண்டென்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

சூப்பை வடிகட்டியதும் வடிகட்டியில் சக்கை தங்கியது. கொட்ட மனம் வரவில்லை, குழம்பில் சேர்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இருபது வருடமாக இந்த வீட்டின் மிச்சமெல்லாம் என் தட்டுக்குத்தான் வந்தது. பிள்ளை பாதியில் விட்ட இட்லி, சட்டியின் அடியில் ஒட்டிய சோறு, இரவில் தண்ணீர் ஊற்றப் பிடிக்காமல் தின்று தீர்த்த கைப்பிடி. அதை நான் சாப்பாடு என்று கணக்கில் வைத்ததே இல்லை. “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டபோது சொல்லவும் இல்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றி இரண்டு எண்களைத் தருகிறது. 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல்பருமன். 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரண்டும் ஒரே வீட்டில் எப்படி இருக்க முடியும் என்று நம் மாணவிகள் கேட்பார்கள். என் சட்டியைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் அதில் கறி இருக்காது, சோறு இருக்கும்.

பெண்ணுக்கென்று தனியாகச் சமைக்க நம் குடும்பங்களுக்குத் தெரியாமல் இல்லை. பூப்பெய்தினால் உளுந்தங்களி, பிள்ளை பெற்றால் பத்தியச் சாப்பாடு. எனக்கும் என் அம்மா நாற்பது நாள் பூண்டுக்குழம்பு வைத்துக் கொடுத்தார். அந்த உடம்பு வம்சத்துக்கான உடம்பு. மூட்டு வலிக்காமல் மாடிப்படி ஏற வேண்டும், மாத்திரை குறைய வேண்டும் என்று நானே தேடிக்கொண்ட அறுவைக்குப் பத்தியம் கிடையாது. “தானா இழுத்துக்கிட்டது” என்ற சொல்தான் கிடைத்தது.

2015இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’யை அந்த நாள்களில் மறுபடி பார்த்தேன். அனுஷ்கா எடை கூட்டிக்கொண்டு நடித்த படம். மெலிய வைக்கும் வியாபாரத்தை வில்லனாக நிறுத்தியது, அதற்காக அன்று கைதட்டினேன். இன்று பார்த்தால் அதன் கவலை ‘குண்டான பெண்ணை யார் கட்டிக்கொள்வார்?’ என்பதிலேயே சுற்றுகிறது. அவளை அப்படியே ஏற்கும் ஆண் கிடைத்ததும் படம் நிம்மதி அடைகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் எந்தத் தட்டில், எத்தனை மணிக்கு, எது மிஞ்சியதைச் சாப்பிடுவாள் என்பது படத்துக்கும் தெரியாது, அட்டவணைக்கும் தெரியாது. இரண்டும் பெண்ணின் உடம்பை அடுப்படிக்கு வெளியே வைத்தே பார்க்கின்றன.

மூன்றாம் மாதம், தோழியோடு சாயங்காலம் ஆட்டுக்கால் சூப் வண்டிக்குப் போனேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். “பார்சலாக்கா?” என்றார் கடைக்காரர். “இல்லண்ணே, இங்கயேதான். காரம் கொஞ்சம் கம்மியா.” அரைக் கோப்பை குடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. நான் வைக்காத, நான் வடிகட்டாத சூப்பை அறுவைக்குப் பிறகு அன்றுதான் குடித்தேன்.

அறுவைக்கு முன் நிறையக் கேள்விகள் கேட்டார்கள். சர்க்கரை உண்டா, தைராய்டு உண்டா, கூட யார் வந்திருக்கிறார்கள், யார் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வி வேண்டும்: உங்களுக்குச் சூப் வைக்கப்போவது யார்? ‘நானேதான்’ என்று ஒரு பெண் பதில் சொன்னால், அட்டவணையை அவள் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும் கணவரையும் மகனையும் உள்ளே கூப்பிட்டு, பருப்பை எத்தனை விசில் விட வேண்டும், எப்படி வடிகட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.