சைக்கிள் மணிக்குள் ஒரு கொலைக்கருவி

கல்கத்தா வீதியில் சைக்கிள் மணி ஒலிக்கிறது. மறுகணம், நடந்து போனவர் மார்பில் கிராமபோன் ஊசி பாய்ந்து விழுகிறார். சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் வங்காளியில் எழுதிய கதை இது. பாசு சாட்டர்ஜி 1993-இல் தூர்தர்ஷனுக்கு இயக்கிய ‘வியோம்கேஷ் பக்ஷி’ தொடரிலும் வந்தது. துப்பறிபவராக ரஜித் கபூர் கச்சிதம்.

ஊசியை எய்வது மணிக்குள் இருக்கும் சுருள்வில். அதன் ஓசையை மணியோசை மறைத்துவிடும், அருமையான யோசனைதான்! படிக்கும்போது நம்பிவிடுகிறோம். திரையிலோ மணி கண்ணெதிரே இருக்கிறது. சைக்கிள் தொழிற்சாலை உள்ள அம்பத்தூர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? “இத்தனூண்டு மணிக்குள் அவ்வளவு வேகம் எப்படி சார்?” என்றான் ஒருவன்.

நியாயமான கேள்வி. ஊசியின் எடை சுமார் 0.2 கிராம். இலேசான பொருள் வேகமாகப் பறக்குமே என்பீர்கள். ஆனால் வில் தன்னையும் தள்ளிக்கொண்டு விரிய வேண்டும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஊசியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வில் 10 கிராம் என்றால், ஆற்றலில் 17-இல் ஒரு பங்குகூட ஊசிக்குக் கிட்டாது. போதாததற்கு, வால் இல்லாத ஊசி வழியிலேயே புரளும்.

ஏர்கன்னில் வில் காற்றை அமுக்குகிறது. காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. கதையைப் படமாக்குபவருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டல்லவா? கருவியை ஹாண்டில்பார் குழாய்க்குள் வைத்துவிட்டு, ஓசையை மறைக்க மட்டும் மணியை விட்டிருக்கலாம்.